உதவி: பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லி, கலவை உடனே இறுகிவிடுகிறது

மதுரைவாசி: அவசரம். பழைய வீட்டை இடித்த கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாகப் பயன்படுத்துகிறோம். மிக்சரிலிருந்து கொட்டும்போது நன்றாக இருக்கிறது, சட்டியில் கொண்டுபோய்ப் போடுவதற்குள் இறுகிவிடுகிறது. மேஸ்திரி தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிறார். ஏழாம் நாள் கியூப் சோதனையில் (கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்ப்பது) வலு சதுர மி.மீ.க்கு 9 நியூட்டன்தான் வந்தது. சிமெண்டில் கலப்படமா? நாளை மறுநாள் அடுத்த கான்கிரீட்.

வைகைக்கரை: எந்தப் பகுதிக்கு? என்ன கிரேடு? ஜல்லி முழுவதும் பழையதா, பாதியா? நனைத்தீர்களா?

சிவகாசி செல்வம்: சிமெண்ட்தான், சந்தேகமே வேண்டாம். மூட்டையில் அச்சிட்டிருக்கும் வாரத்தைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்ததைச் சோதிக்காமல் போடக் கூடாது.

பொறியாளர்63: செல்வம், பழைய சிமெண்ட் வலுவைக் குறைக்கும், கலவையைச் சில நிமிடங்களில் இப்படி இறுக்காது. இதை இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும், தம்பி.

உடைத்த ஜல்லியில் பழைய காரை ஒட்டிக்கொண்டிருக்கும். கருங்கல் ஜல்லி ஒரு சதவீத அளவுக்கே நீர் உறிஞ்சும். இது 3 முதல் 8 சதவீதம்கூட உறிஞ்சும். ஒரு கன மீட்டருக்கு 1,100 கிலோ ஜல்லி, உறிஞ்சுவது 5 சதவீதம் என்று வைத்தால் 55 லிட்டர். கலவைக்கு ஊற்றுவதே 190 லிட்டர் அளவுதான். உலர்ந்த ஜல்லியைப் போட்டால் இறுகாமல் என்ன செய்யும்? மேஸ்திரி கண்மதிப்பில் ஊற்றும் தண்ணீர், ஜல்லி குடிப்பதைவிடக் கூடிவிட்டால் மிச்சம் சிமெண்டுக்குப் போய் வலுவைக் குறைக்கும்.

மதுரைவாசி: எம்20, அதாவது 28-ஆம் நாளில் 20 வலு வர வேண்டிய கலவை. முழுக்க இந்த ஜல்லிதான். நனைக்கவில்லை. பெல்ட் பீம் (சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் பீம்) போட்டாயிற்று, அடுத்தது தூண். செங்கலும் பூச்சும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

வைகைக்கரை: தூண் வேலையை நிறுத்துங்கள், ஐயா. ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383 (2016), கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்25 வரை, ஜல்லியில் 20 சதவீதம்தான் பழையதாக இருக்க அனுமதிக்கிறது. அதுவும் தூய கான்கிரீட்டை உடைத்த ஜல்லிக்கு மட்டும். செங்கலும் பூச்சும் கலந்தது எம்15-க்கும் குறைந்த அடித்தளக் கலவைக்குத்தான். எம்20-க்கு ஏழாம் நாளில் 13-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும்.

கரைசுத்துப்புதூர்: செங்கல் என்றதும் ஏன் இவ்வளவு பயம்? மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய பாணி வீடுகளின் மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்தானே? என் தாத்தா வீடு இன்றும் ஒழுகுவதில்லை.

பொறியாளர்63: அங்கே பாரத்தைத் தாங்குவது தேக்கு உத்தரம். செங்கல் ஜல்லி அதன்மேல் படுத்திருக்கிறது. கம்பியும் கிடையாது. அடிப்படை தெரியாமல் ஒப்பிடாதீர்கள்.

கரைசுத்துப்புதூர்: வங்கதேசத்தில் கம்பி கட்டிய மாடிகளையே செங்கல் ஜல்லியில் போடுகிறார்கள். அவர்களுக்கும் அடிப்படை தெரியாதா?

சிவகாசி செல்வம்: அது நன்றாகச் சுட்ட செங்கலைப் பொறுக்கி உடைத்து, ஊறவைத்துப் போடுவது. இடிபாட்டுச் செங்கலில் சுவரின் உப்பும் சேர்ந்து வரும், கம்பி துருப்பிடிக்கும். ஆற்றுமணல் தட்டுப்பாடு வந்தபோது எம்-சாண்டையும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) இப்படித்தான் சந்தேகித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். சோதித்துப் பார்க்காமல் ஏற்பதும் தவறு, ஒதுக்குவதும் தவறு.

வைகைக்கரை: கேட்டவரை மறந்துவிட்டோம். மதுரைவாசி, இந்த ஜல்லியை வீணாக்க வேண்டாம். செங்கல், பூச்சு, மரத்துண்டு பொறுக்கிவிட்டு, தூசியைச் சலித்து, முந்தின நாளே நீர் தெளித்து ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். போடும்போது உள்ளே ஈரமாகவும் மேலே தண்ணீர் சொட்டாமலும் இருக்க வேண்டும். தரைக்கு அடியில் போடும் பி.சி.சி.க்கு (கம்பி இல்லாத கான்கிரீட்) அது நன்றாகவே உழைக்கும். மலையை உடைக்காமல் ஒரு லோடு குறைந்தாலும் நல்லதுதான். தூணுக்குப் புதுக் கருங்கல் ஜல்லியே போடுங்கள். போட்டுவிட்ட பீமுக்கு 28-ஆம் நாள் கியூபைப் பாருங்கள். அதிலும் குறைந்தால் பீமிலிருந்து கோர் (குடைந்தெடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துச் சோதித்து, வடிவமைத்த பொறியாளரிடம் காட்டுங்கள். அதுவரை அதன்மேல் சுவர் எழுப்ப வேண்டாம்.

மதுரைவாசி: தூணுக்குக் கருங்கல் ஜல்லி சொல்லிவிட்டேன். ஜல்லியை நனைத்துப் போட்ட பி.சி.சி. கொட்டுவதற்குள் இறுகிவிடவில்லை. நன்றி.

வைகைக்கரை: மகிழ்ச்சி. பீமின் 28-ஆம் நாள் அளவு என்ன வந்தது?

சிவகாசி செல்வம்: மூட்டையின் வாரத்தைப் பார்த்தீர்களா?

வைகைக்கரை: மதுரைவாசி, பீமைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். சுவர் எழுப்பிவிட்டீர்களா?