வேலைக் கணினியும் கைப்பேசியும் உங்கள் உடம்பை என்ன செய்தன?

உப்புவெளிக்காரி

திருகோணமலை நகரில் ஒரு நிதி நிறுவனக் கிளையின் கடன் பிரிவில் ஒன்பது வருடங்களாக இருக்கிறேன். காலையில் திரையைப் பார்த்தால் மாலையில்தான் தலையைத் தூக்குவேன். போன வைகாசியில் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தல் தொடங்கியது. கச்சான் காற்றுக் காலம்தானே, அதனால்தான் என்றார் அம்மா. நந்தியாவட்டைப் பூவை நீரில் ஊறவைத்துக் கண்ணில் ஒற்றிவிட்டார். கண்ணாடிக் கடைக்காரர் கணினியின் நீல ஒளிதான் காரணம் என்று அதைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை விற்றார். விலையைக் கணவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இரண்டு மாதம் போட்டேன், உறுத்தல் அப்படியே இருந்தது.

கடைசியில் கண் வைத்தியர் கேட்டது ஒரே கேள்வி: "நிமிடத்துக்கு எத்தனை தடவை கண் சிமிட்டுகிறீர்கள்?" அதை யார் எண்ணுவது? அன்றிரவு மிச்ச வேலையை வீட்டில் முடிக்க மடிக்கணினியை விரித்தபோது, எட்டு வயது மகளைப் பக்கத்தில் இருத்தி எண்ணச் சொன்னேன். "ஐந்துதான் அம்மா" என்றாள். சாதாரணமாக 15 அளவில் சிமிட்ட வேண்டுமாம். சிமிட்டும்போதுதான் கண்ணீர் கண் முழுவதும் பரவுகிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் அதை மறந்துவிடுகிறோம். எனக்கு ஏ.சி. காற்றும் நேரே முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடி பற்றிப் பிறகு தேடினேன். அது கணினி வேலையின் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் 2023இல் வந்த, பல ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்ட கொக்ரேன் மீளாய்வும் சொல்கிறது.

20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் இருக்கும் எதையாவது 20 விநாடி பார்க்கச் சொன்னார் வைத்தியர். எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஊர் மான்கள் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கும். அவற்றைத்தான் பார்க்கிறேன். ஆனால் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது மானைப் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறதா?

உங்களுக்கு என்ன நடந்தது? எழுதுங்கள்.

கரையோரன்

மாலையில் டச்பே கடற்கரையில் அரை மணித்தியாலம் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும். இதற்கெல்லாமா வைத்தியர்?

நிலாவெளி வரவேற்பு மேசை

கரையோரன் அண்ணா, நான் வேலை செய்வதே கடற்கரையில்தான். ஐந்து வருடமாக அந்தக் கடலைப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

விடுதியில் அறைப் பதிவுகள் என் பொறுப்பு. முன்பதிவு எல்லாம் இணையத் தளங்கள் வழியாகத்தான் வருகிறது. விருந்தினரின் கேள்விக்கு எவ்வளவு விரைவாகப் பதில் போடுகிறோம் என்பதைத் தளமே அளந்து, விழுக்காடாக முதலாளிக்குக் காட்டும். எங்கள் பருவம் சித்திரை முதல் புரட்டாதி வரை. கோடையில் ஜெர்மனி எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. அங்கே ஒருவர் இரவு 11 மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி "கடலாமைகளைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டால், எனக்கு அதிகாலை 2.30. கைப்பேசி தலையணைக்கு அடியில் இருக்கும். பதிலை அனுப்பிவிட்டுத் திரும்பிப் படுப்பேன். தூக்கம் மட்டும் வராது.

இதை விட மோசமானது ஒன்று உண்டு. ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டால் விடுதியில் ஆள் இல்லை, கேள்விகளும் வராது. ஆனாலும் 2.30க்கு என் கண் திறந்துவிடுகிறது. கைப்பேசி ஒலித்தது போலக் காதில் கேட்கும், எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இரத்த அழுத்தத்துக்கு 31 வயதில் மாத்திரை தொடங்கியிருக்கிறேன். இதனால்தான் வந்தது என்று வைத்தியர் சொல்லவில்லை. தூக்கத்தைப் பற்றி மட்டும் மூன்று தடவை கேட்டார்.

ஓய்வுபெற்ற இலிகிதர்

பிள்ளைகளே, எங்கள் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பதிவறைக் கோப்புகளின் தூசி தந்த இழுப்பு இன்னமும் என்னோடு இருக்கிறது. தட்டச்சாளர் பெண்கள் விரலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு கோப்பு வேண்டுமென்றால் விறாந்தையின் மறுமுனைக்கு நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நடப்பேன். அந்தப் பதிவறையை அங்கே கட்டியவனை நான் திட்டாத நாளில்லை. மூதூருக்குக் கடமைக்குப் போனால் லோஞ்ச் படகில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஏறிவிட்டால் மேலதிகாரி தலைகீழாக நின்றாலும் என்னைப் பிடிக்க முடியாது. 4.15க்கு அலுவலகம் பூட்டினால் பூட்டியதுதான், கோப்பு வீட்டுக்கு வராது. முதுகு வலி என்று நான் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை. அப்போது அதற்குக் காரணம் தெரியவில்லை, இப்போது நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போதுதான் புரிகிறது.

கொட்டியாரத்துப் பெண்

ஐயா, அந்த லோஞ்ச் இப்போது இருந்திருக்கக் கூடாதா! பாலங்கள் வந்து நாங்கள் விரைவாகப் போகிறோம். எங்களை விட விரைவாகக் கட்டளைகள் வருகின்றன.

நான் வெளிக்கள உத்தியோகத்தர். என் கைப்பேசியில் வேலைக்கென்று மட்டும் 11 வட்ஸ்அப் குழுக்கள். கூட்டம் நடந்தால் படம், மரம் நட்டால் படம், படம் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு பதில். மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்து, அதே கைப் பெருவிரலால் தட்டுவேன். ஒரு நாள் துணி பிழிய முடியவில்லை. போத்தல் மூடியையும் திறக்க முடியவில்லை. பெருவிரலை உள்ளே மடித்துக் கையைப் பொத்தி, மணிக்கட்டைச் சின்னவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார் வைத்தியர். கத்திவிட்டேன். பெருவிரலை அசைக்கும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்கிறதாம். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாய்மாருக்கு வருவது போன்ற வலியாம்.

"வீட்டில் குழந்தை இருக்கிறதா?" என்று கேட்டார்.

"குழந்தை இல்லை, பதினொரு குழுக்கள் இருக்கின்றன" என்றேன். சிரித்துக்கொண்டே பட்டி கட்டிவிட்டார். ஆறு வாரம் அந்தக் கையால் தட்டக்கூடாது என்றார். குழுவில் அதைத் தெரிவித்தேன், இடது கையால். உடனே ஏழு பேர் கும்பிடும் கை போட்டார்கள். அடுத்த செய்தி, நேற்றைய படங்கள் எங்கே என்று.

கரையோரன்

தங்கச்சி, மன்னியுங்கள். நடக்கச் சொன்னது நான்தான். என் மனைவி ஆசிரியை. இரவு பத்து மணிக்குப் பெற்றோர் அனுப்பும் குரல் பதிவுகளை அவர் அடுப்படியில் நின்று கேட்பதை நான் ஒரு வேலையாக நினைத்ததே இல்லை.

உப்புவெளிக்காரி

நேற்றுத்தான் தேடிப் பார்த்தேன். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்கிறது. இரவில் வீட்டில் விரிக்கும் மடிக்கணினியை அது எங்கே கண்டது? வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டமாகவே இருக்கிறதாம். எங்கள் மேலாளரிடம் சொன்னேன். "பிரான்சுக்குப் போங்கள்" என்றார்.

இலிகிதர் ஐயா, உங்கள் பதிவறைக் கதையைப் படித்த மறுநாள், என் மேசைக்கருகில் இருந்த அச்சு இயந்திரத்தைக் கூடத்தின் மறுமூலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். அதற்குச் செலவில்லை என்பதால் மேலாளர் மறுக்கவில்லை. இப்போது மூன்று பேர் தினமும் என்னைத் திட்டுகிறார்கள். நேற்று 26 தடவை எழுந்து நடந்தேன். ஏ.சி.யின் வாயையும் வேறு பக்கம் திருப்பிவிட்டேன். இரவு மகள் எண்ணியபோது ஒன்பது.