'சி தோதோ இசியெரா கிராக்': என் பிரதி 1979-ஆம் ஆண்டின் முதல் அச்சுதானா?

கேள்வி:
ஸ்பெயினின் கிஹோன் நகரைச் சேர்ந்த 'கிராக்' குழு வெளியிட்ட ஒரே இசைத்தட்டான இதை, முதல் அச்சு என்று சொல்லப்பட்டதை நம்பி, அதற்குரிய விலை கொடுத்து இணையத்தில் வாங்கினேன். உறையில் டெபோசிட்டோ லெகால் எண் (ஸ்பெயினில் வெளியீடுகளுக்குத் தரப்படும் சட்டப்படியான வைப்பு எண்) 'எம்' என்ற எழுத்தில் தொடங்கி 1979 என்று முடிகிறது. ஆனால் பின்னட்டையின் மூலையில் பார்கோடு இருக்கிறது. மேலும், குழு அஸ்தூரியாஸ் பகுதியைச் சேர்ந்ததாயிருக்க, மாட்ரிட்டைக் குறிக்கும் 'எம்' ஏன்?

பதில் 1:
'எம்' பற்றிக் கவலை வேண்டாம். அவ்வெழுத்து குழுவின் ஊரையன்று, சட்டப்படியான வைப்பு எண் பெறப்பட்ட மாகாணத்தையே குறிக்கும். தட்டை வெளியிட்ட சாப்பா டிஸ்கோஸ், மாட்ரிட்டிலிருந்த சஃபீரோ நிறுவனத்தின் கிளை லேபிள். உங்களை ஏமாற்றியது அந்த ஆண்டுதான். மறுபதிப்பாளர்கள் பழைய உறையை அப்படியே படியெடுக்கும்போது அந்த வரியும் கூடவே வந்துவிடும் என்பதால், அது படைப்பு முதலில் பதிவான ஆண்டைச் சொல்லுமேயன்றி, உங்கள் கையிலுள்ள பிரதி அச்சான ஆண்டைச் சொல்லாது. ஸ்பானிய இசைத்தட்டு உறைகளில் 1979-இல் பார்கோடு வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. ஆகவே உங்களுடையது மறுபதிப்பாகவே இருக்க வேண்டும்.

பதில் 2:
உறையை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள். கடைசித் தடத்துக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், அச்சை அடையாளம் காட்டப் பொறிக்கப்பட்ட மேட்ரிக்ஸ் எண் தெரியும். அதை உறுதிசெய்யப்பட்ட முதல் அச்சுகளின் படங்களோடு ஒப்பிடுங்கள். சமையலறைத் தராசில் எடையும் பாருங்கள். 180 கிராமை ஒட்டி வந்தால் அது பெரும்பாலும் பிற்கால அச்சாகவே இருக்கும். எழுபதுகளின் தட்டுகள் பொதுவாக அதைவிட இலேசானவை. அஸ்ஃபால்த்தோ, லேன்யோ போன்ற முரட்டு ராக் குழுக்களுக்குப் பெயர்பெற்ற லேபிளில், புல்லாங்குழலும் மெல்லோட்ரான் என்னும் விசைப்பலகைக் கருவியும் குழையும் இந்தத் தட்டு, 'புரோகிரெசிவ் ராக்' எனப்படும் அவ்வகை இசையின் அலை ஓய்ந்துகொண்டிருந்த ஆண்டில் வந்து கவனிப்பாரின்றிப் போனது. முதல் அச்சைத் தேடி இன்று இத்தனை பேர் அலைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்டவரின் மறுமொழி:
எடை 182 கிராம். மேட்ரிக்ஸ் எண்ணும் பொருந்தவில்லை. படங்களை அனுப்பியதும் விற்றவர் மறுப்பின்றிப் பாதித் தொகையைத் திருப்பித் தந்தார். தட்டை நான் திருப்பி அனுப்பவில்லை. 'அமான்தெஸ் தெ லா இர்ரெயாலிதாத்' என்ற பாடல் அதில் சிறு கரகரப்பும் இல்லாமல் ஒலிக்கிறது. முதல் அச்சுக்கான தேடல் தொடர்கிறது. இம்முறை வெற்று வளையத்தின் படத்தைப் பார்க்காமல் பணம் அனுப்புவதாக இல்லை.