‘பிளேஸ்மென்ட்’ என்பதற்குக் ‘கற்கை அமைவு’

அன்பின் குழும நண்பர்களுக்கு,

விசேட கல்வியில், விசேட தேவையுள்ள பிள்ளை எத்தகைய வகுப்பில், எத்தகைய உதவியுடன் கற்பது என்ற தீர்மானத்தைக் குறிக்கும் ‘பிளேஸ்மென்ட்’ (placement) என்ற சொல்லுக்குத் தமிழாக இங்கே ‘இட ஒதுக்கீடு’, ‘சேர்க்கை’, ‘இடம் அமர்த்தல்’ ஆகியவை முன்வைக்கப்பட்டன. இவற்றுள் ‘இட ஒதுக்கீடு’ வேலைவாய்ப்பையும் பல்கலைக்கழக அனுமதியையும் நினைவூட்டுவதாலும், ‘சேர்க்கை’ பாடசாலையில் பதிவதோடு முடிந்துவிடுவதாலும் அவ்விரண்டும் பொருந்தா. ‘இடம் அமர்த்தல்’ பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

‘பிளேஸ்மென்ட்’ என்னும் கருத்துக்கு அமெரிக்கா 1975இல் சட்ட வடிவம் தந்தது. அங்கே துணை உதவியுடன் பொது வகுப்பு, நாளின் ஒரு பகுதி மட்டும் வள அறை (தனிக் கவனத்துடன் கற்பிக்கும் அறை), விசேட வகுப்பு, விசேட பாடசாலை, வீட்டிலோ மருத்துவமனையிலோ கற்பித்தல் என ஒரு தொடர் உண்டு. அதில் பிள்ளைக்கு உகந்த நிலையைப் பெற்றோரையும் உள்ளடக்கிய குழுவொன்று, அப்பிள்ளைக்கென எழுதப்படும் தனியாள் கல்வித் திட்டத்தின் அடிப்படையில், ஆண்டுக்கு ஒரு முறையேனும் தீர்மானிக்க வேண்டும். ஒரே பாடசாலையில் படிக்கும் இருவரின் நிலை வேறுபடலாம். ‘இடம்’ என்றாலோ கட்டடமே மனத்தில் எழும்.

திருகோணமலையில் “பிள்ளையை அலகில் போட்டுவிட்டார்கள்” என்று தாய்மார் சொல்வதுண்டு; அலகு என்பது பொதுப் பாடசாலையிலுள்ள விசேட கல்விப் பிரிவு. யாரோ முடிவெடுத்தார்கள், இனி மாறாது என்ற மனத்தாங்கல் அதில் இருக்கிறது. ‘அமர்த்தல்’ அதையே செந்தமிழில் சொல்கிறது. ‘கற்கை அமைவு’ என்றால் அமைத்ததை மாற்றியமைக்கலாம் என்பது சொல்லிலேயே கிடைக்கிறது. ‘அமைவுத் தொடர்’, ‘அமைவு மீளாய்வு’ என விரிக்கவும் இயல்கிறது.

அச்சட்டத்தின் அடிப்படை நெறியான ‘லீஸ்ட் ரெஸ்ட்ரிக்டிவ் என்விரன்மென்ட்’ (least restrictive environment) என்பதை ‘மிகக் குறைந்த கட்டுப்பாட்டுச் சூழல்’ என எழுதினால், ஒழுங்கு தளர்ந்த வகுப்பென்றே ஆசிரியர்கள் கொள்வர். ஏனைய பிள்ளைகளிடமிருந்து தேவைக்கு மேல் பிரிக்காதிருப்பதே அந்நெறி கேட்பது. ‘குறைபிரிப்பு’ சுருக்கமானதுதான், ஆயினும் ‘குறை’ என்பதை இப்பிள்ளைகளின் அருகே வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘இயன்றளவு பிரியாச் சூழல்’ என்பதையே பரிந்துரைக்கிறேன். வீட்டுக்கு இயன்றளவு அருகில் கற்பதையும் அவ்விதிகள் கேட்பதால், வெருகலிலோ குச்சவெளியிலோ இருந்து பிள்ளையைத் தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்பும்போது, குடும்பத்திலிருந்து பிரிவதையும் இச்சொல் கணக்கில் எடுக்கும்.

‘கற்கை’ என்பது ‘கற்கைநெறி’யோடு மயங்கும் என்று கருதுவோர் இருந்தால் ‘கற்றல் அமைவு’ எனக் கொள்வதில் எனக்குத் தடையில்லை. ‘அமைவு’ மட்டும் நிலைக்க வேண்டும்.