ஃபிரீபிஎஸ்டி நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்ததா?

பழையகர்னல்:
ஃபிரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி இரண்டும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வடிவமான பிஎஸ்டியின் வழிவந்த இயங்குதளங்கள். "முதலில் வந்தது நெட்பிஎஸ்டி, அதிலிருந்து பிரிந்ததே ஃபிரீபிஎஸ்டி" என்று முனையவாசி வேறோர் இழையில் எழுதியதை நான்கு பேர் ஆமோதித்திருக்கிறார்கள். இது பொய். இரண்டுக்கும் மூலம், வில்லியம் ஜோலிட்ஸும் லின் ஜோலிட்ஸும் 1992-இல் வெளியிட்ட 386பிஎஸ்டி. பெர்க்லி வெளியிட்ட நெட்/2 என்ற மூலநிரல் தொகுப்பில் விடுபட்டிருந்த ஆறு கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) கோப்புகளுக்கு மாற்று எழுதி, அதை இன்டெல் 386 கணினியில் ஓடவைத்தவர்கள் அவர்கள். அதன்பின் பயனர்கள் அனுப்பிய திருத்தங்கள் மூலத்தில் சேராமல் தேங்கி, பேட்ச்கிட் என்ற பெயரில் தனியே வளர்ந்தன. பொறுமை இழந்த ஒரு குழு நெட்பிஎஸ்டியைத் தொடங்கியது. பேட்ச்கிட்டைப் பராமரித்தவர்கள் ஃபிரீபிஎஸ்டியைத் தொடங்கினார்கள்.

முனையவாசி:
நெட்பிஎஸ்டி 0.8 வெளிவந்தது 1993 ஏப்ரலில். ஃபிரீபிஎஸ்டி 1.0 வந்தது அந்த ஆண்டின் இறுதியில். ஏப்ரல் முந்தியதா, ஆண்டின் இறுதி முந்தியதா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பழையகர்னல்:
மூத்தவள் முதலில் பிறந்தாள் என்பதற்காக இளையவளுக்குத் தாயாகிவிட மாட்டாள். வெளியீட்டுத் தேதியைப் பார்த்து வம்சாவளி எழுதுகிறவர் மூலநிரலைத் திறந்தே பார்த்ததில்லை என்றுதான் நான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

திறமூலன்:
இருவருமே 1994-ஐ மறந்துவிட்டீர்கள். யூனிக்ஸின் உரிமை வைத்திருந்த யுஎஸ்எல் நிறுவனம் பெர்க்லி நிரல் குறித்துத் தொடுத்த வழக்கு அந்த ஆண்டு சமரசத்தில் முடிந்தபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளில் மூன்று நீக்கப்பட்டன. அதையடுத்து பெர்க்லியிலிருந்து வழக்குச் சிக்கலில்லாத 4.4பிஎஸ்டி-லைட் வெளியானது, நெட்பிஎஸ்டி 1.0, ஃபிரீபிஎஸ்டி 2.0 ஆகிய இரண்டும் அதன் மீது மறுபடி கட்டப்பட்டன. ஆகவே 386பிஎஸ்டி மூதாதை என்பதே காலாவதியான வாதம்.

பழையகர்னல்:
4.4பிஎஸ்டி-லைட்டை அப்படியே எடுத்துக் கணினியை இயக்க முடியாது. இயங்குவதற்குத் தேவையான பகுதிகள் அதில் நீக்கப்பட்டிருந்தன. இன்டெல் கணினிகளுக்கான பகுதியும் அரைகுறையாகவே இருந்தது. இடைவெளிகளை ஒவ்வொரு குழுவும் தன் வழியில் நிரப்பியது. பிரிவு ஆழமானது அங்கேதான். நெட்பிஎஸ்டி எல்லா வன்பொருளிலும் ஓட வேண்டும் என்று வன்பொருள் சார்ந்த நிரலைத் தனியே பிரித்தெடுக்க, ஃபிரீபிஎஸ்டி இன்டெல் கணினியில் வேகத்தையும் நிலைத்தன்மையையும் தேடியது. ஒன்று மற்றொன்றின் வயிற்றில் பிறக்கவில்லை.

முனையவாசி:
இத்தனை வரிகளுக்குப் பிறகும் ஏப்ரல் பற்றி ஒரு சொல் இல்லை. ஃபிரீபிஎஸ்டியின் சில கோப்புகளின் தலைப்பகுதியில் கோப்பு எங்கிருந்து வந்தது என்று காட்டும் நெட்பிஎஸ்டியின் அடையாள வரி இன்றும் இருக்கிறதே, அது எப்படி வந்தது?

பழையகர்னல்:
இரவல் வாங்கியதால் வந்தது. உண்மையான கிளை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஓபன்பிஎஸ்டியைத் திறந்து பாருங்கள். நெட்பிஎஸ்டியின் மையக் குழுவிலிருந்து விலக்கப்பட்ட தியோ டி ராட் 1995-இல் தொடங்கியது அது. அதன் பழைய கோப்புகளில் முதல் வரியில் ஓபன்பிஎஸ்டியின் அடையாளமும் அதற்கு நேர் கீழே நெட்பிஎஸ்டியின் அடையாளமும் கோப்புக்குக் கோப்பு நிற்கும். ஃபிரீபிஎஸ்டியில் அது அங்கொன்றும் இங்கொன்றுமாகவே கிடைக்கும்.

திறமூலன்:
ஓபன்பிஎஸ்டியின் பெருமையைப் பாட உங்களுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். சென்ற முறை, வலைப் போக்குவரத்தை வடிகட்டும் பிஎஃப் தீயரண் பற்றிய இழையிலும் இதையே செய்தீர்கள்.

பழையகர்னல்:
அந்த இழையில் நான் சொன்னது அப்படியே நிற்கிறது. பிஎஃப் ஓபன்பிஎஸ்டியில் 2001-இல் பிறந்தது. பின்னர் ஃபிரீபிஎஸ்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வலை முகவரி மாற்ற (NAT) விதியைத் தனி வரியாக எழுதும் முறையை ஓபன்பிஎஸ்டி 4.7 பதிப்பில் கைவிட்டபோது, பல செயலிகளில் ஓடுவதற்காகத் தன் பிரதியைப் பின்னர் மாற்றியமைத்துக்கொண்ட ஃபிரீபிஎஸ்டி பல ஆண்டுகள் பழைய முறையிலேயே நின்றது. அந்த ஆண்டுகளில் ஒன்றில் எழுதிய விதிக்கோப்பை மற்றொன்றில் ஏற்றினால் பிழை காட்டியது. பொது மூலத்திலிருந்து விலகுவது என்றால் இதுதான். இதை அன்று "சின்ன வித்தியாசம்" என்று சொன்னவர் நீங்கள்.

திறமூலன்:
இன்றும் அப்படியே சொல்கிறேன். தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்பிஎஸ்டியின் ஓபன்எஸ்எஸ்எச் எல்லாவற்றிலும் ஓடும்போது விதிக்கோப்பின் இலக்கணம் எனக்குப் பெரிய விஷயமே அல்ல.

முனையவாசி:
தீயரணை விடுங்கள். 1993 ஏப்ரலில் வெளியானது எது? நெட்பிஎஸ்டி. அப்போது ஃபிரீபிஎஸ்டி என்ற பெயராவது இருந்ததா?

பழையகர்னல்:
பெயர் ஜூனில்தான் வந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்ட பேட்ச்கிட் அதற்கு முன்பே இருந்தது. நெட்பிஎஸ்டி 0.8-ம் அதே 386பிஎஸ்டியையும் அதே பேட்ச்கிட்டையும் எடுத்துத்தான் எழுந்தது. முடிந்தால் மறுத்துக் காட்டுங்கள்.

முனையவாசி:
ஜூன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஏப்ரல் அதற்கு முந்தியது.