கோடு கோடாய்ப் பார்த்தால் கண் கூசுகிறதா? எங்கே, எத்தனை அடி தூரத்தில் என்று எழுதுங்கள்

மஞ்சக்குப்பம்:
கடை ஷட்டர், கம்பி கேட், வரி போட்ட டைல்ஸ் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். பொருளைத் திட்டிப் பயனில்லை. கோட்டின் அகலமும் நாம் நிற்கிற தூரமும்தான் கணக்கு. கையை முழுக்க நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். அதன் அகலம் கண்ணுக்குச் சுமார் 2 டிகிரி. அதற்குள் கருப்பும் வெளுப்புமாக ஆறு ஜோடி அடங்கினால், டிகிரிக்கு 3 ஜோடி ஆகிறது. ரொம்பப் படுத்துகிற அளவு அதுதான். புதுச்சேரி ஒயிட் டவுனில் பட்டைச் சட்டம் வைத்த பழைய மர ஜன்னல்கள் இருக்கின்றனவே, சட்டத்துக்குச் சட்டம் 4 செ.மீ. என்றால் 7 மீட்டரில், கிட்டத்தட்ட எதிர்ச்சாரியில் நிற்கும்போது, மாட்டிக்கொள்வோம். ஒன்றரை மீட்டருக்குள் போனால் அடங்கிவிடும்.

வில்லியனூர்:
விரல் கணக்கு சரி. காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்கான பகுதியில், ஒவ்வொரு சாய்வுக்கும் தனி நரம்பணுக் கூட்டம். மரம், முகம் என்றால் எல்லாச் சாய்வும் கலந்து வரும், வேலை பிரிந்துவிடும். கம்பி கேட்டில் ஒரே கூட்டம் மொத்தமாகக் கத்துகிறது. மைக்ரேன்காரர்களுக்கு இது சீக்கிரம் தாக்கும். கேட்டுக்குக் கருப்பு பெயின்ட் வேண்டாம். பின்னால் தெரிகிற சுவரின் நிறத்துக்குப் பக்கத்தில் ஒன்றை அடியுங்கள்.

கடலூர் ஓல்டு டவுன்:
ஃபேனை விட்டுவிட்டீர்களே! இறக்கைக்கு மேலே லைட் இருந்தால் நிழல் வெட்டும். நிமிஷத்துக்கு 300 சுற்று, மூன்று இறக்கை: நொடிக்கு 15 வெட்டு. விட்டுவிட்டு அடிக்கிற வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும், அதில் நொடிக்கு 15 முதல் 25 தடவை வரைதான் மோசம். லைட்டைச் சுவரில், இறக்கை மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். ஸ்பீடைக் குறைப்பது அரைகுறை வைத்தியம்.

திருப்பாதிரிப்புலியூர்:
அதே கணக்கு பஸ்ஸிலும் உண்டு. சவுக்குத் தோப்பில் வரிசைக்கு வரிசை 1 மீட்டர் என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16, 17 மீட்டர் போகிறது. சாயங்கால வெயில் அத்தனை தடவை வெட்டி அடிக்கும். கடலூரிலிருந்து பாண்டி போகும்போது மாலையில் இடப்பக்க ஜன்னல் வேண்டாம், காலையில் வலப்பக்கம் வேண்டாம். சும்மா பயமுறுத்தவில்லை: 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு டிவி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 தடவை மாறி அடித்ததில், அறுநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மஞ்சக்குப்பம்:
கண்ணை மூடிக்கொண்டால் போதாதா அண்ணே?

திருப்பாதிரிப்புலியூர்:
போதாது. இமை வழியாக வெளிச்சம் சிவப்பாக உள்ளே வரும், அது இன்னும் மோசம். ஒரு கண்ணை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தி, முகத்தை நிழல் பக்கம் திருப்புங்கள். மூளைக்குப் போகிற தூண்டல் குறைந்துவிடும். கை கால் வெட்டி இழுத்தாலோ, சில நொடி நினைவு தப்பினாலோ இதெல்லாம் செல்லாது. நரம்பு டாக்டரிடம் போய், மூளையின் மின் ஓட்டத்தைப் பதிகிற ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டும், எடுக்கும்போது மின்னும் விளக்கு வைத்தும் பார்ப்பார்கள்.