"லாஜிக் பார்க்காதே" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

தொடங்கியவர்:

பிரம்மாண்டமான சாகசப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இரண்டாம் பாதி இழுவை என்றேன். உடன் வேலை செய்பவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜாலியாகப் பார்க்க வேண்டிய படத்துக்குப் போய் விருதுப் படத்தின் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்களே! மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள்" என்றார்.

நாயகன் எப்படிப் பறக்கிறான் என்று நான் கேட்கவே இல்லை. தாராளமாகப் பறக்கட்டும். முதல் பாதியில் ஒரு குண்டுக்குப் படுத்த படுக்கையானவன், இறுதிச் சண்டையில் உடம்பெல்லாம் குண்டு துளைத்தும் வசனம் பேசுகிறான். இனி அவனுக்காக நான் எப்படிப் பதறுவது? படம் தானே போட்ட விதியைத் தானே மீறியதும் முதலில் செத்தது விறுவிறுப்புதான். இதைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பட்டம், ரசனை கெட்டவன்.

படத்தொகுப்பு உதவியாளராக இருந்தவர்:

எனக்கு இது வீட்டிலேயே நடக்கும். "துரத்தல் காட்சியில் பார்க்க என்ன இருக்கிறது, ஓடுகிறார்கள், அவ்வளவுதானே" என்பார் என் சித்தப்பா. இடமிருந்து வலமாக ஓடுகிறவன் அடுத்த ஷாட்டில் காரணமில்லாமல் வலமிருந்து இடமாக ஓடினால், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதே குழம்பிவிடும். பார்ப்பவருக்குத் தவறு எங்கே என்று சொல்லத் தெரியாது. சலிப்பாக இருந்தது என்று மட்டும் சொல்வார். அந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் இரவெல்லாம் விழித்திருந்தோம்.

1975இல் வந்த 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா, கடல் நீரில் அடிக்கடி பழுதாகி நின்றது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் வேறு வழியின்றி, சுறாவைக் காட்டாமலேயே இசையையும் நீரில் மிதக்கும் பீப்பாய்களையும் வைத்துப் பயமுறுத்தினார். கோடை விடுமுறைக் கூட்டத்தை ஈர்த்த வெகுஜனப் படம்தான் அது. அதை மூளையைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்திருக்க முடியுமா? பார்ப்பவருக்கு மட்டும் ஏன் அந்த அறிவுரை?

திரை விமர்சனம் எழுதுபவர்:

நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். ஒரு நகைச்சுவைப் படத்தின் சிறப்புக் காட்சியில் எனக்குப் பக்கத்தில் ஒரு மூத்த விமர்சகர். கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் அவர் எழுதியதில் சமூகப் பார்வை இல்லை, பாத்திரங்களில் ஆழம் இல்லை என்று ஏகப்பட்ட 'இல்லை'கள். சிரிப்பு வந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. நேரில் கேட்டேன். "சிரித்தது நான், எழுதியது விமர்சகர்" என்றார்! கடுமையான அளவுகோல் என்று இதைச் சொல்ல மாட்டேன். தனக்குள் நடந்ததையே மறைக்கிறவர் படத்தில் நடந்ததை எப்படிச் சொல்வார்? சிரிப்பு எந்த நொடியில், எதனால் வந்தது என்று எழுதுவதுதான் கடினம். ஆழம் இல்லை என்று எழுத ஐந்து நிமிடம் போதும்.

இயக்குநர் ஹிட்ச்காக்கையும் வெகுகாலம் திகில் காட்டும் வித்தைக்காரராகவே பலர் பார்த்தார்கள். 1950களில் பிரெஞ்சு இளம் விமர்சகர்கள்தான் அவரைக் கலைஞராக எடுத்துக்கொண்டு ஷாட் ஷாட்டாக அலசினார்கள். அவருடைய 'வெர்டிகோ' 1958இல் வந்தபோது கலவையான வரவேற்புதான். 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய விமர்சகர்கள் வாக்கெடுப்பில் அதற்கு முதலிடம்.

தொடங்கியவர்:

அப்படியானால் வெகுஜனப் படங்களுக்கென்று தனி அளவுகோல் வேண்டாம் என்பதில் நாம் ஒரே கட்சி. ஆஸ்கர் அகாடமி 2018 ஆகஸ்டில் வெகுஜனப் படங்களுக்கென்று தனி விருது அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே கிடப்பில் போட்டது. நல்லவேளை.

இன்னொருவர்:

என் மைத்துனர் விவாதமே செய்ய மாட்டார். எத்தனை சதவீத விமர்சகர்களுக்குப் படம் பிடித்தது என்று காட்டும் 'ராட்டன் டொமேட்டோஸ்' தளத்தைத் திறந்து, "தொண்ணூற்றைந்து சதவீதம், பேச்சு முடிந்தது" என்பார். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் 'பரவாயில்லை' என்றாலும் அதே எண்தான் வரும், அது படத்துக்குப் போட்ட மதிப்பெண் அல்ல என்று பலமுறை விளக்கிவிட்டேன். அவருக்குப் பிடித்த படத்துக்கு நாற்பது வந்த அன்று மட்டும், "விமர்சகர்களுக்கு என்ன தெரியும்" என்றார்.