சரளைக்கல் சரிவுல சின்ன டிரெய்லரைக் கையால ஏத்த யோசனை வேணும்

வணக்கம். அமெரிக்காவுல சின்ன கேம்பிங் டிரெய்லர் வெச்சிருக்கறவங்க கொஞ்சம் உதவுங்க. எடை 1,500 பவுண்டு, ஒரே ஆக்சில், காரோட மாட்டற உருண்டை (ஹிட்ச் பால்) 2 இஞ்ச். வீட்டு முன்னாடி சரளைக்கல் பாதை, 5 சதவீதச் சரிவு. கார் நுழையாத மூலை, கடைசி சில அடி கையாலதான் தள்ளணும்.

சிமென்ட் சமதளம்னா கவலையே இல்ல. இங்க சரிவுக்கு மட்டுமே 75 பவுண்டு விசை வேணும். அதுக்கு மேல, டிரெய்லரோட முன்கம்பியைத் தாங்கி ஏத்தி இறக்கற ஜாக்கோட 6 இஞ்ச் சக்கரம் கல்லுல புதைஞ்சு குறுக்கே திரும்பிக்குது. அப்ப வம்பா இழுத்தா ஜாக் குழாயே வளைஞ்சிடும். பிளைவுட் போட்டா உருளுது, ஆனா பலகை வழுக்குது. ஒரு டயருக்குக் கட்டை கொடுத்து முன்கம்பியைப் பக்கவாட்டுல தள்ளினா சுலபமா திரும்புது, நேரா மேலே ஏத்துறதுதான் பாடு. ஹேண்ட்பிரேக் கிடையாது, ஒருத்தர் பக்கத்துலயே கட்டையோட வரணும், சரிவுக்கு நேர் கீழே நிக்கவே கூடாது.

முன்கம்பியில இறங்கற எடை 180 பவுண்டு. அகலமான காத்து டயர் போட்ட டாலி (முன்கம்பியை ஏத்தி நகர்த்தற கைவண்டி) சரளையில புதையாம போகுமா? இல்ல, கை வின்ச் (கையால சுத்தி கயிறை இழுக்கற கருவி) மேலா? வின்ச்னா எதுல கட்டறீங்க?

காரோட மாட்டறப்ப, முன்கம்பி நுனியில இருக்கற லாக் மூடியும் ஹிட்ச் பால் உள்ள உட்காராம இருக்கறது உண்டு. ஜாக்கை ஏத்தினா கார் பின்பக்கமும் சேர்ந்து எழும்புதான்னு பார்க்கறோம். இதைவிட நல்ல சோதனை இருக்கா? 1⅞ இஞ்ச் ஹிட்ச் பால் லேசா மாட்டும்னு மட்டும் சொல்லாதீங்க, மேடு பள்ளத்துல கழண்டுடும்.